கொரோனா ஓய்ந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் மருத்துவ மாணவியின் மனம் ஏன் தேறவில்லை?

காங்கயம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். 2019ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்துச் சேர்ந்த அவருடைய மகள், ஊரடங்கில் பல மாதங்கள் வீட்டிலிருந்தே படித்தார். 2021 மே மாதத்தில் குடும்பத்தின் மூத்தவரான பெரியப்பா கொரோனாவில் இறந்தார். மகள் அதன் பிறகும் தேர்வுகளில் தேறி, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடித்துவிட்டார். இப்போது முதுநிலை நீட்டுக்குப் படிப்பதாகக் கோவையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். ஆனால் புத்தகத்தைத் திறப்பதில்லை, இரவில் உறங்குவதில்லை, 'எனக்கு இந்தத் தொழிலே வேண்டாம்' என்கிறார். நோய் போய் இவ்வளவு காலம் ஆன பிறகு இது எப்படி வருகிறது என்பது தந்தையின் முதல் கேள்வி. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனால் அது எங்காவது பதிவாகி, தொழிலுக்கும் கல்யாணத்துக்கும் தடையாகுமா என்பது இரண்டாவது.

கொங்குப் பகுதியில் மனநலத் துறையில் நீண்ட காலம் கற்பித்தும் சிகிச்சை அளித்தும் வருகிறவன் என்ற முறையில், 2019இல் சேர்ந்த அந்த வகுப்புப் பிள்ளைகள் பலரை வகுப்பிலும் பார்த்திருக்கிறேன், பின்னர் என் அறையில் எதிர் நாற்காலியிலும் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளை நேரில் பார்க்காமல் அவருக்கு இன்ன நோய் என்று சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. 'அப்பவே எங்க சொந்தக்காரங்க எல்லாரும் அவகிட்டதான் கேட்டுக் கேட்டு மருந்து வாங்குவாங்க' என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அப்போது அவர் இரண்டாம் ஆண்டு மாணவி. என் பதிலில் பெரும்பகுதி இந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

மருத்துவ மாணவர்களின் மனச்சுமை கொரோனாவோடு பிறந்ததன்று. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழான ஜாமாவில் 2016ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, 43 நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மாணவர்களில் 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகவும், 11.1 விழுக்காட்டினருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருப்பதாகவும், மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்களில் 15.7 விழுக்காட்டினர் மட்டுமே சிகிச்சை நாடியதாகவும் கண்டது. நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் அளித்த அறிக்கையில், இணையவழிக் கணக்கெடுப்பில் பதிலளித்த இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகக் கூறியிருக்கின்றனர். விரும்பியவர்கள் மட்டும் பதில் சொன்ன கணக்கெடுப்பு என்பதால் அந்த எண்ணை நாட்டிலுள்ள எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. அதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொண்டாலும் ஒரு வகுப்பறையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

நம் பகுதியில் இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. இங்கே மருத்துவக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் கணிசமானோர் அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளை நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளிலோ நீட் பயிற்சி மையங்களிலோ விடிகாலை முதல் இரவு வரை படித்துக் கழித்தவர்கள். மஞ்சளும் தென்னையும் விற்ற பணம், விசைத்தறிக் கூலி, கோழிப் பண்ணை வரவு ஆகியவற்றைச் சேர்த்து, 'நம்ம வீட்ல மொத டாக்டர்' என்ற ஒரே நினைப்போடு அனுப்பிவைக்கப்பட்டவர்கள். கல்லூரிக்குள் வரும்போதே களைத்துத்தான் வருகிறார்கள். வழக்கமான காலமாக இருந்தால் அந்தக் களைப்பைக் கல்லூரி வாழ்க்கையே மெல்ல ஆற்றிவிடும். 2019ஆம் ஆண்டு வகுப்புக்கு அது நடக்கவில்லை.

அந்த வகுப்பு திறனடிப்படையிலான புதிய பாடத்திட்டத்தின் முதல் வகுப்பு. பாடம் நடத்தும் எங்களுக்கே அது புதிது. அவர்கள் சேர்ந்து ஏழெட்டு மாதங்களில், 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. விடுதிகளைக் காலி செய்து ஊருக்குப் போனார்கள். கொங்கு நாட்டின் ஊரமைப்பு உங்களுக்குத் தெரியாததன்று: தெருத்தெருவாக வீடுகள் இல்லாமல், அவரவர் காட்டில் அவரவர் சாளை, அதாவது தோட்டத்து வீடு. பக்கத்து வீட்டுக்கே அரை பர்லாங் நடக்க வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால் கிணற்று மேட்டில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து பார்மகாலஜி (மருந்தியல்) வகுப்புக் கேட்டதாக ஒரு மாணவர் என்னிடம் சொன்னார். மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடத் தொடங்கினால் பேராசிரியரின் குரல் கேட்காது என்பதால் பாதி வகுப்பு அவருக்கு உதட்டசைவாகவே போயிற்றாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த மாதங்களில் தன் வயதுடைய ஒருவரிடமும் முகம் பார்த்துப் பேசவில்லை என்று அடுத்துச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பாடம் தவறியதைப் பின்னால் பிடித்துவிடலாம். அவர்களில் பெரும்பாலோர் பிடித்தும் விட்டார்கள், உங்கள் மகளும் தேறியிருக்கிறார். பிடிக்க முடியாமல் போனது வேறொன்று. மருத்துவம் ஒரு கைத்தொழில். இரண்டாம் ஆண்டில் வார்டுக்குள் நுழையும் மாணவர், வீங்கிய மண்ணீரல் விரல்நுனியில் எப்படித் தட்டுப்படும், நுரையீரலில் நீர் கோத்தால் விரலால் தட்டும்போது ஒலி எப்படி மந்தமாகும் என்பதையெல்லாம் சீனியர்களின் பின்னால் நின்று கற்கிறார். அதே சமயம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒன்றையும் கற்கிறார்: ஒரு நோயாளி இறந்துபோனால் மருத்துவர் என்ன செய்கிறார் என்பதை. யூனிட் சீஃப் உறவினரிடம் நின்று பேசுவதைப் பார்க்கிறார். பி.ஜி. (முதுநிலை) மாணவர் குறிப்பேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திட்டு, கை கழுவி, கேன்டீனுக்குப் போய் டீ சொல்லிவிட்டு, 'இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்டா' என்று ஜூனியரிடம் சொல்வதைக் கேட்கிறார். எது நம் கையில் இருந்தது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி அந்த டீக்கடைப் பேச்சில்தான் நடக்கிறது. வெளியாள் கேட்டால் கல்நெஞ்சம் என்று தோன்றும். உண்மையில் அடுத்த நோயாளியிடம் போவதற்கான தெம்பு அங்கிருந்துதான் வருகிறது. அந்த டீக்கடை இல்லாமலேயே முதல் மரணத்தைச் சந்தித்த வகுப்பு இது.

அந்த மரணமும் வார்டில் நேரவில்லை, சொந்த வீட்டில் நேர்ந்தது. 2021 மே மாதக் கடைசியில் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே முந்தியது. திருப்பூரிலும் ஈரோட்டிலும் நிலைமை இலேசாக இல்லை. கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் பெருந்துறையிலும் படுக்கைக்காக ஆம்புலன்சுகள் காத்து நின்ற நாட்கள் அவை. அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மே 30 அன்று பாதுகாப்புக் கவச உடையுடன் அந்த இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் வார்டுக்குள் சென்று பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த நாட்களில் தெரிந்த மருத்துவர் யாருக்கும் போன் கிடைக்காது. அப்போது உறவு முழுவதும் யாரைக் கூப்பிட்டது? 'டாக்டருக்குப் படிக்கிற புள்ள' இருந்த வீட்டைத்தான்.

அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். கோபி பக்கத்துப் பெண். அவரும் அப்போது இரண்டாம் ஆண்டு. சில ஆண்டுகள் கழித்து என்னிடம் வந்தபோது பையிலிருந்து ஒரு நூறு பக்க நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். கோடு போட்டுப் பிரித்த பக்கம். இடப்புறம் நேரம், வலப்புறம் எண். அவருடைய அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் காட்டிய ஆக்சிஜன் அளவுகள், அத்தை போனில் சொல்லச் சொல்ல இவர் எழுதியவை. 96, 95, 95, 93. பிறகு 91. கடைசி வரி விடியற்காலை 3.40, எண் 84. முதலாண்டு உடலியங்கியலில், ரத்தம் ஆக்சிஜனைப் பிடித்து விடுவதைக் காட்டும் ஆக்சிஜன் பிரிகை வளைவை வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவர் அவர். 90க்குக் கீழே அந்த வளைவு செங்குத்தாகச் சரியும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆகவே அந்த எண்கள் இறங்க இறங்க என்ன நடக்கிறது என்பது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது; என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு எங்கும் கற்பிக்கப்படவில்லை. குப்புறப் படுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க என்று 93 காட்டிய மாலையிலேயே சொன்னார். பெரியவர்கள், 'மூச்சுத்திணறலே இல்லையே கண்ணு, காலைல பார்த்துக்கலாம்' என்றார்கள். திணறல் இல்லாமலேயே ஆக்சிஜன் இறங்குவது இந்த நோயின் வஞ்சகங்களில் ஒன்று. காலையில் படுக்கை கிடைக்கவில்லை. மதியம் ஆம்புலன்சிலேயே முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்த ஒரு ஒறம்பரை (உறவினர்) வாசலில் நின்று சொன்ன சொல்தான் அவரை என்னிடம் கொண்டுவந்தது: 'ஊட்டுலயே டாக்டருக்குப் படிக்கிற புள்ள இருந்துமே காப்பாத்த முடியலியே.' சொன்னவருக்கு இன்று அது நினைவில்கூட இருக்காது. ஆற்றாமையில் வந்த பேச்சு, குற்றம் சாட்டும் எண்ணம் துளியும் இருந்திருக்காது. கேட்டவருக்கு வயது 19.

இந்த வகைக் காயத்துக்கு மனநலத் துறையில் ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் 'மாரல் இன்ஜுரி' என்பார்கள், தமிழில் அறக்காயம் எனலாம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே 1990களில் இந்தக் கருத்தை எடுத்துப் பேசினார். பயத்தால் வரும் அதிர்ச்சி நோயில் 'எனக்கு என்ன ஆகியிருக்கும்' என்ற நடுக்கம் முன்னால் நிற்கும். அறக்காயத்திலோ 'நான் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை' என்ற குற்ற உணர்வும் வெட்கமும் முன்னால் நிற்கும். இதைத் தனி நோயாக வகைப்படுத்துவதில்லை. ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் முளைக்க இதைவிட நல்ல நிலம் கிடையாது. 'நோய் போய் இத்தனை வருடம் ஆயிற்றே' என்ற உங்கள் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. பயம், அதற்குக் காரணமான ஆபத்து விலகினால் பெரும்பாலும் தணிந்துவிடும். குற்ற உணர்வு அப்படித் தணிவதில்லை. அந்த மாணவி வளர வளர அதுவும் வளரும். மூன்றாம் ஆண்டில் நுரையீரல் மருத்துவம் படிக்கும்போது, 'அன்று இதைச் செய்திருக்கலாமே' என்று ஒரு வரி கூடும். ஹவுஸ் சர்ஜனாக ஆக்சிஜன் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கக் கற்கும்போது இன்னொரு வரி கூடும். இன்றைய அறிவைக் கொண்டு அன்றைய 19 வயதுப் பிள்ளையை விசாரித்துத் தண்டனை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். படிப்பு முடிந்த பிறகுதான் பலர் உடைகிறார்கள் என்பது எங்களுக்கு வியப்பாக இருப்பதில்லை. அதுவரை அடுத்த தேர்வு ஒன்று இருந்து அவர்களைத் தாங்கிப் பிடிக்கிறது.

சீனியர் வகுப்புகளின் கதை வேறு. 2021 மே 3 அன்று மத்திய அரசு, பயிற்சி மருத்துவர்களை ஆசிரியர் மேற்பார்வையில் கொரோனாப் பணியிலும், இறுதியாண்டு மாணவர்களைத் தொலைபேசி ஆலோசனையிலும் இலேசான நோயாளிகளைக் கண்காணிப்பதிலும் ஈடுபடுத்தலாம் என்று அறிவித்தது. அதே அறிவிப்பில் முதுநிலை நீட்டும் நான்கு மாதங்களுக்குக் குறையாமல் தள்ளிவைக்கப்பட்டது. ஏப்ரல் 18இல் நடக்க வேண்டிய அந்தத் தேர்வு கடைசியில் செப்டம்பர் 11இல்தான் நடந்தது. கவச உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்று, அறைக்கு வந்து, எப்போது நடக்கும் என்றே தெரியாத தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்த அந்தப் பிள்ளைகளும் வாடித்தான் போனார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை நான் திரும்பத் திரும்பக் கண்டேன். பத்து மரணங்களை வார்டில், பக்கத்தில் ஒரு சீனியரோடு பார்த்தவர்கள், ஒரே மரணத்தைப் போன் வழியாகத் தனியாகக் கேட்டவர்களைவிடப் பொதுவாக நன்றாக மீண்டார்கள். இது என் அனுபவம். ஆய்வு முடிவாக இதைச் சொல்ல மாட்டேன்.

இனி, என்ன செய்வது என்பது. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கம் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, தன்மேல் வெறுப்போடு இருப்பது சோம்பேறித்தனமும் இல்லை, 'நேரம் சரியில்லை' என்பதும் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. பார்க்கும் மருத்துவர் முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னால் ஏன் என்று வியக்காதீர்கள். அவையும் இதே சோர்வைத் தரும். மனச்சோர்வு உறுதியானால் பேச்சு வழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. அந்த மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம்; குணமான பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும்; நிறுத்தும்போது மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். போதைப் பழக்கம்போல் அவை ஆளைப் பிடித்துக்கொள்வதில்லை. இவ்வளவும் உங்கள் மகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தேர்வில் எழுதியிருப்பார். தனக்கு என்று வரும்போது தெரிந்ததெல்லாம் உதவாமல் போவதுதான் இந்த நோயின் இயல்பு, ஆகவே 'நீயே டாக்டர்தானே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கோபிப் பெண்ணோடு நாங்கள் செய்தது இதுதான். அந்த நோட்டை நடுவில் வைத்து, அந்த மரணத்துக்குக் காரணமான எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: கிருமி, அப்புச்சியின் சர்க்கரை நோய், தடுப்பூசி போடாதது, காலையில் பார்க்கலாம் என்ற பெரியவர்களின் முடிவு, காலியில்லாத படுக்கை, நேரத்துக்கு வராத ஆம்புலன்ஸ். ஒவ்வொன்றுக்கும் நூற்றில் இவ்வளவு என்று பங்கு பிரித்த பிறகு கடைசியாகத் தன் பங்கை எழுதச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு, மிச்சம் ஒன்றுமில்லை என்றார். ஒரே நாளில் தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஏழு மாதங்கள் வந்துகொண்டிருந்தார், மாத்திரையும் எடுத்தார். அந்த ஆண்டு முதுநிலைத் தேர்வை எழுத வேண்டாம் என்று முடிவு செய்தோம். 19 பாடங்களையும் உறக்கமில்லாத மூளைக்குள் திணிப்பதில் பயனில்லை. தேர்வு அடுத்த ஆண்டும் வரும்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். 'செத்துப் போயிரலாம்னு எப்பவாவது தோணுதா சாமி?' என்று நீங்கள் நேராகக் கேட்கலாம்; கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். தோட்டத்தில் பயிருக்கு அடிக்கும் மருந்து இருந்தால் அதைச் சாளையிலிருந்து அகற்றிப் பூட்டிய இடத்தில், சாவி வேறொருவரிடம் இருக்கும்படி வையுங்கள். கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த இலங்கையில் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. எட்டாத தூரத்தில் வைப்பதே பல உயிர்களைக் காக்கும்.

பதிவைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயாளியின் விவரங்களை மறைவாகக் காக்க மருத்துவரைக் கட்டாயப்படுத்துகிறது. உங்கள் மகள் சிகிச்சைக்கு வந்ததாகக் கல்லூரிக்கோ மருத்துவ கவுன்சிலுக்கோ யாரும் எழுதி அனுப்புவதில்லை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்த காரணத்தால் ஒருவருக்கு மருத்துவர் பதிவு மறுக்கப்பட்டதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டே நன்றாகத் தொழில் செய்யும் மருத்துவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் உண்டு. படித்த கல்லூரியிலேயே காட்டினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று மகள் கூசினால், அது நியாயமான கூச்சம்; வேறு ஊர் மருத்துவரிடம் போங்கள். கல்யாணத்தைப் பொறுத்தவரை, இப்போது வரன் பார்ப்பதை நிறுத்தி வையுங்கள். ஒரு நல்ல சம்பந்தம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். குணமாகாத மனச்சோர்வின்மேல் கல்யாணத்தை ஏற்றி வைத்து இரண்டு வீடுகளும் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். பெரியப்பாவைப் பற்றிய பேச்சை நீங்களே எடுங்கள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் யார் யார் என்பது உங்களுக்குத் தெரியும்; அந்த முடிவில் உங்களுக்கும் பங்கிருந்தால் அதை உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள். எந்த மருத்துவர் சொல்வதையும்விட நீங்கள் சொல்வது அவருக்குள் இறங்கும். பிறகு இன்னொரு சிறிய வேலையும் உங்களுக்கு இருக்கிறது. இன்றைக்கும் சொந்தக்காரர்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிக்கொண்டுதான் இருப்பார்கள். இனி யார் கேட்டாலும், 'புள்ளைக்கு இப்ப ஒடம்பு சரியில்லீங்க, நீங்க ஆஸ்பத்திரிக்கே போய்க் காட்டிக்கோங்க' என்று நீங்களே போனை வாங்கிச் சொல்லிவிடுங்கள்.